பேச்சு போனவரும் பக்கம் போனவரும்

நரம்பியல் வார்டுக்கு முதல்முறை போஸ்டிங் வரும் ஆக்குபேஷனல் தெரபி (ஓ.டி.) மாணவர்களிடம் பக்கவாதம் வந்த இரண்டு பேரைக் காட்டி, கேஸ் எடுக்க ஒருவரைத் தேர்ந்துகொள்ளச் சொன்னால், பெரும்பாலும் பேசுகிறவரைத்தான் எடுப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பெயர், ஊர், வேலை, சர்க்கரை உண்டா, பி.பி. உண்டா என்று கேட்டதற்கெல்லாம் பதில் வரும்; கேஸ் ஷீட் அரைமணியில் நிரம்பிவிடும். பக்கத்துக் கட்டில்காரரோ எதைக் கேட்டாலும் ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்வார், இல்லையென்றால் அழுதுவிடுவார். அவரிடம் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் மாணவர் நகர்ந்துவிடுவார்.

இருவரையும் வீட்டுக்கு அனுப்பும் நாள் நெருங்கும்போது கதை மாறியிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பேச்சு போனவர் இடக்கையில் கரண்டி பிடித்துச் சாப்பிடுவார், சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் போய்வருவார். ஓயாமல் பேசியவர் சட்டையின் இடக்கைத் துணி முதுகில் தொங்க, "அதான் போட்டாச்சே" என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மாணவர் எழுதிவைத்த நிரம்பிய கேஸ் ஷீட்டில் இந்தத் தொங்கும் சட்டைக்கை எங்கேயும் இருக்காது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடநூலும் மருத்துவமனையும் குடும்பமும் அதிகம் கவலைப்படுவது மூளையின் இடப்பாதி கெட்டவரைப் பற்றி. ஆனால் வீட்டுக்குப் போன பிறகு அன்றாடத்தைக் கூடுதலாகக் குலைப்பது, பல நேரங்களில், வலப்பாதியில் வந்த பாதிப்பு. ஓ.டி. மாணவர் நரம்பியலை நோய் வாரியாக மனப்பாடம் செய்வதைவிட, இந்த இருவரையும் ஒரே வேலையைச் செய்யச் சொல்லி அருகருகே பார்த்துப் படித்தால் பாதி நரம்பியல் அதிலேயே வந்துவிடும்.

இருவருக்கும் அடைப்பு ஒரே பெயருள்ள ரத்தக்குழாயில்தான்: மிடில் செரிப்ரல் ஆர்ட்டரி. ஒருவருக்கு இடப்பக்கத்தது, மற்றவருக்கு வலப்பக்கத்தது. மூளையிலிருந்து இறங்கும் இயக்க நரம்பிழைகளில் பெரும்பகுதி முகுளத்தில் பக்கம் மாறுவதால், இடமூளை கெட்டவருக்கு வலக்கை, வலக்கால் விழும். வலமூளை கெட்டவருக்கு இடக்கை, இடக்கால். புதிதாக வருகிறவர்கள் இங்கேயே ஒருமுறை தடுமாறுவார்கள். வீட்டார் "லெஃப்ட் சைடு ஸ்ட்ரோக்" என்றால் அது உடம்பின் இடது. ஸ்கேன் அறிக்கை "லெஃப்ட்" என்றால் அது மூளையின் இடது. குழப்பம் வேண்டாம் என்பதற்காக, இடமூளை கெட்டவரைப் பேச்சு போனவர் என்றும், வலமூளை கெட்டவரைப் பக்கம் போனவர் என்றும் இங்கே அழைக்கிறேன். வலக்கைப் பழக்கமுள்ளவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்காவது மொழி இடமூளையில்தான் இருக்கிறது. இடக்கைப் பழக்கமுள்ளவர்களிலும் ஏறக்குறைய 70 பேருக்கு அப்படியே.

கை கால் பலத்தைப் பொறுத்தவரை இருவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. முதலில் தொய்வு, பிறகு இறுக்கம், தோள்மூட்டு இறங்கிப்போகும் ஆபத்து எல்லாம் இருவருக்கும் பொது. வித்தியாசம் கையில் இல்லை, கையை யார் ஓட்டுகிறார்கள் என்பதில் இருக்கிறது.

இடமூளைக்கு ஏன் இவ்வளவு கவனிப்பு என்று கேட்டால், அதற்கு வரலாறு இருக்கிறது. பாரிஸின் பிசேத்ர் மருத்துவமனையில் 21 ஆண்டுகள் கிடந்த லெபோர்ஞ் என்பவருக்கு வாயில் வந்தது "டான்" என்ற ஓரசை மட்டுமே. பிற்காலத்தில் வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. 1861 ஏப்ரலில் அவர் இறந்ததும் மூளையைத் திறந்து பார்த்தார் பால் ப்ரோக்கா. இடப்பக்க முன்மடலில் பழுது. 1874இல் வெர்னிக்கே, பேசினாலும் பொருள் புரியாதவர்களுக்கு இடமூளையிலேயே கொஞ்சம் பின்னால் ஓர் இடத்தைக் காட்டினார். மூளைப் பகுதி எண் 44, 45, 22 என்று வைவாவில் ஒப்பிக்கிற மாணவர்கள் அந்த இரண்டு பேரைத்தான் ஒப்பிக்கிறார்கள்.

வலமூளைக்கு இப்படி ஒரு தொடக்கம் வாய்க்கவில்லை. ஹியூலிங்ஸ் ஜாக்ஸன் 1876இல், இடத்தையும் ஆட்களையும் அடையாளம் காணும் திறன் வலப்பாதியைச் சார்ந்ததோ என்று ஐயத்தை எழுப்பினார். பெரிதாக யாரும் காதில் வாங்கவில்லை. பாபின்ஸ்கி 1914இல், இடப்பக்கம் விழுந்திருந்தும் விழவில்லை என்று மறுக்கும் நோயாளிகளைப் பற்றிச் சொல்லி, அதற்கு அனோசக்னோசியா என்று பெயர் வைத்தார். இடப்பக்க உலகையே தவறவிடும் நோயாளிகளை ரஸ்ஸல் பிரெய்ன் தெளிவாக வரைந்து காட்டியது 1941இல். ப்ரோக்காவுக்கு எண்பது ஆண்டு கழித்து. காரணம் எளியது: பேச்சு போனது உடனே தெரியும், பக்கம் போனது தேடினால்தான் தெரியும், அதுவும் நோயாளியிடம் கேட்டால் தெரியாது.

அந்தச் சாய்வு இன்றைக்கும் அளவுகோல்களில் ஒட்டியிருக்கிறது. பக்கவாதத்தின் கடுமையை அளக்க உலகம் முழுதும் பயன்படும் என்.ஐ.எச். அளவுகோலில் மொத்தம் 42 புள்ளிகள். மொழி தேவைப்படும் கேள்விகளுக்கு அதில் 7. கவனம் ஒருபக்கம் தவறுவதற்கு வெறும் 2. அதனால் ஒரே மதிப்பெண் வாங்கிய இருவரில் வலமூளைக்காரருக்குப் பெரும்பாலும் பழுதின் அளவு பெரிதாக இருக்கும். வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு வருவதிலேயே வித்தியாசம் உண்டு. ஜெர்மனியில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்து 2005இல் லான்செட்டில் வந்த ஆய்வில், அனுமதியானவர்களில் இடமூளைக்காரர் 56 விழுக்காடு, வலமூளைக்காரர் 44. ரத்தக்குழாய்க்கு இடது வலது என்று ஓரவஞ்சனை கிடையாது. வலமூளை அடைப்பு அவ்வளவு எளிதில் கண்ணில் படுவதில்லை என்பதே ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம். நாம் அன்றாடம் நிரப்பும் பார்த்தெல் அட்டவணையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1965இல் வந்தது, பத்து வினாக்கள், நூறு புள்ளிகள். சாப்பாடு, குளியல், உடை, படி எல்லாம் உண்டு. கவனம், தீர்மானம், ஆபத்தை உணர்வது எதுவும் இல்லை. பக்கம் போனவர் அதில் எழுபத்தைந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் கேஸ் அடுப்பைத் திறந்துவைத்துவிட்டு ஹாலில் உட்கார்ந்திருக்க முடியும்.

இனி சட்டைக்கு வருவோம். மாணவர்களை நான் முதலில் உட்காரவைப்பது சட்டை போடும் இடத்தில்தான். பொத்தான் வைத்த அரைக்கைச் சட்டை, முதுகு சாயாத ஸ்டூல், கண்ணாடி வேண்டாம்.

பேச்சு போனவர் சட்டையைக் கையில் வாங்குவார். திருப்புவார். காலரைக் கீழே பிடிப்பார். சில சமயம் சட்டையைக் காலில் மாட்டப் பார்ப்பார். மாணவர் "காலர் மேல வரணும் ஐயா, மேல, மேல" என்று குரலை ஏற்ற ஏற்ற அவர் இன்னும் குழம்புவார். அவருக்குக் காது நன்றாகவே கேட்கிறது, சொல்தான் உள்ளே போய்ச் சேரவில்லை. இன்னொன்றும் இங்கே நடக்கிறது. அவருடைய இடக்கையில் பலம் முழுமையாக இருந்தும் அது தடுமாறுகிறது. இதை முதலில் தெளிவாகக் காட்டியவர் ஹ்யூகோ லீப்மன். 1905இல் அவர் சோதித்தபோது, வலப்பக்கம் விழுந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு விழாத இடக்கையும் சொன்ன செயலைச் செய்யத் தெரியாமல் நின்றது. இடப்பக்கம் விழுந்தவர்களிடம் அப்படி இல்லை. செயலின் திட்டமே இடமூளையில் இருக்கிறது, இடக்கையும் அங்கிருந்துதான் கடன் வாங்குகிறது என்று ஆனது. அப்ராக்ஸியா என்று நாம் படிப்பது இதைத்தான். "நல்ல கை இருக்கே, அதால செய்யச் சொல்லுங்க" என்று மருத்துவர் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போவார். அந்தக் கை அவ்வளவு நல்ல கை இல்லை என்பதை அடுத்த நிமிடமே ஓ.டி. மாணவர் கண்டுகொள்ள வேண்டும்.

அதே சட்டையைப் பக்கம் போனவரிடம் கொடுத்துப் பாருங்கள். வலக்கை சரசரவென்று வேலை செய்யும். வலப்பக்கச் சட்டைக்கை ஏறும், தோளில் துணி உட்காரும், பொத்தானும் ஒன்றிரண்டு போட்டுவிடுவார், அதுவும் மேலே ஒன்று தள்ளி. இடக்கை சட்டைக்கு வெளியே மடியில் கிடக்கும். "எல்லாம் சரியா இருக்கா சார்?" என்றால் "பின்னே?" என்பார். எப்படிச் சட்டை போட வேண்டும் என்று கேட்டால், விழுந்த கையை முதலில் நுழைக்கணும், கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்கணும் என்று நாம் கற்றுக்கொடுத்ததைப் பிசகாமல் ஒப்பிப்பார். மாணவர்கள் ஏமாறுவது இங்கேதான். வாயால் சொல்லிவிட்டார், ஆகவே கற்றுக்கொண்டார் என்று எழுதிவிடுவார்கள். சக்கர நாற்காலியிலிருந்து எழுவதற்கான படிகளை வரிசையாகச் சொல்லிவிட்டு, இடப்பக்கப் பிரேக்கைப் போடாமலே எழுந்து விழுகிறவர் இவர்.

ஏன் இப்படி என்பதற்கு நிறைய பேர் ஏற்கும் விளக்கம் ஒன்று உண்டு. இடமூளை வலப்பக்க வெளியை மட்டும் கவனிக்கிறது. வலமூளை இரு பக்கத்தையும் கவனிக்கிறது. இடமூளை கெட்டால் வலப்பக்கத்தை வலமூளை ஓரளவு தாங்கிக்கொள்ளும். வலமூளை கெட்டால் இடப்பக்கத்துக்கு ஆள் இல்லை. வலப்பக்கத்தைத் தவறவிடுவதும் உண்டுதான். அது பெரும்பாலும் இலேசாக வந்து சீக்கிரம் போய்விடும்.

கண் கெட்டதாலா, கவனம் கெட்டதாலா என்பது வைவாவில் தவறாமல் வரும் கேள்வி. பார்வைப் புலத்தில் பாதி போனவருக்கு அது தெரியும். தலையைத் திருப்பித் தேடுவார். கவனம் போனவர் திருப்ப மாட்டார், திருப்ப வேண்டிய இடம் ஒன்று இருப்பதாகவே அவருக்கு இல்லை. மிலானில் பிசியாக்கும் லுட்ஸாட்டியும் 1978இல் வெளியிட்ட சோதனை இதை அழகாகக் காட்டியது. நோயாளிகள் அந்த ஊர்க்காரர்கள். ஊர்ச் சதுக்கத்தில் பேராலயத்தைப் பார்த்து நிற்பதாகக் கண்ணை மூடி நினைத்துக்கொண்டு, சுற்றி இருப்பதைச் சொல்லுங்கள் என்றார்கள். வலப்பக்கக் கட்டடங்களை மட்டும் சொன்னார்கள். இப்போது பேராலயப் படியில் நின்று எதிர்த்திசையில் பாருங்கள் என்றதும், சற்றுமுன் விட்டுப்போன கட்டடங்கள் எல்லாம் வந்தன, சொன்னவை காணாமல்போயின. நினைவில் இருக்கும் ஊருக்கும் இடப்பக்கம் இல்லை. இதற்கு மிலான் வேண்டியதில்லை. நோயாளியின் சொந்தத் தெருவில் பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்குப் போகச் சொல்லி, பிறகு வீட்டிலிருந்து நிறுத்தத்துக்குத் திரும்பச் சொல்லி, எந்தெந்தக் கடைகள் வருகின்றன என்று மாணவர்களைக் குறித்துக்கொள்ளச் சொல்வேன். பென்சிலும் தாளும் வைத்துக் கோடு அடிக்கச் சொல்லும் சோதனையில் தேறிவிட்ட ஆட்கள்கூட இதில் மாட்டுவார்கள்.

சாப்பாட்டு இலை இன்னும் நல்ல சோதனை. நம் வழக்கப்படி நுனி இடப்பக்கம். உப்பும் ஊறுகாயும் இட மூலையில். பக்கம் போனவர் வலப்பாதிச் சோற்றை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "சாம்பார்ல உப்பே இல்ல" என்று மனைவியைக் கடிந்துகொள்வார். இலையை அரைவட்டம் திருப்பி வைத்தால் "இப்பதான் வச்சியா?" என்பார். வீட்டில் இதை வைத்து எத்தனை சண்டை! செய்தித்தாளும் இப்படித்தான். வரியின் நடுவிலிருந்து படிப்பார், பொருள் வராது, கண்ணாடி மாற்றணும் என்பார், வீட்டார் கண் மருத்துவரிடம் கூட்டிப்போவார்கள்.

இலை என்றதும், வெளிநாட்டுப் பாடநூல்கள் பேசாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் இரண்டு கைகளும் சமமில்லை. வலக்கை சாப்பிட, கொடுக்க, வாங்க, இடக்கை கால்கழுவ. பெட்ரெட்டியின் ஓ.டி. பாடநூலில் உண்பது, கழிப்பறை என இரண்டு தலைப்புகள் இருக்கும், இரண்டுக்கும் எந்தக் கை என்ற கேள்வி இருக்காது. பேச்சு போனவருக்கு விழுந்தது சோற்றுக்கை. இடக்கையால் சாப்பிட வேண்டும் என்பதே அவருக்கு அவமானம். பேச முடிந்தால் மறுத்திருப்பார், பேச முடியாததால் தட்டைத் தள்ளிவிடுவார், கேஸ் ஷீட்டில் "பசியின்மை" என்று பதிவாகும். கரண்டி கொடுத்தால் கையில் எடுப்பவர்கள் உண்டு: சோற்றை இடக்கை நேராகத் தொடவில்லை அல்லவா. பக்கம் போனவருக்கோ சாப்பாட்டில் சிக்கல் இல்லை; விழுந்தது மற்ற கை. வலக்கையால் கழுவிக்கொள்ள மாட்டார், இடக்கையால் முடியாது, அதை வாய்விட்டும் சொல்ல மாட்டார். வலப்பக்கச் சுவரில் தண்ணீர்க் குழல் ஒன்று மாட்டிக்கொடுத்தால் முடிகிற சங்கதி. ஆனால் இதைக் கேட்க மாணவருக்கு நாக்கு வர வேண்டும். ஓ.டி. படிப்பில் கூச்சம் விடுவதற்கென்று தனித் தாள் இல்லை, இருந்திருக்கலாம்.

சிகிச்சை முறையும் இருவருக்கும் எதிரெதிர். பேச்சு போனவரிடம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். செய்து காட்டு, கையைப் பிடித்து நடத்து, ஒரு நேரத்தில் ஒரு பொருள், தவறு நிகழும் முன்பே தடு. ஆம், இல்லை என்று தலையாட்டுவதை நம்பாதே, "உங்க பேரு முனியாண்டியா?" என்று வேண்டுமென்றே தவறாகக் கேட்டு, அதற்கும் தலையாட்டுகிறாரா என்று பார்த்துக்கொள். பக்கம் போனவரிடம் நிறையப் பேசலாம், பேச்சுதான் அவருக்கு ஊன்றுகோல். "இடப்பக்க ஓரத்தைத் தேடு" என்று அவரே தனக்குச் சொல்லிக்கொள்ளப் பழக்க வேண்டும். தட்டின் இட விளிம்பில் சிவப்புப் பட்டை, தாளின் இட ஓரத்தில் சிவப்புக் கோடு, அதைத் தொட்ட பிறகே வேலையைத் தொடங்குவது. செய்து காட்டினால் பயன் குறைவு, ஏனென்றால் நம் இடக்கை செய்வதை அவர் பார்ப்பதே இல்லை. இதில் மாணவர்கள் செய்யும் ஒரு அத்துமீறலும் உண்டு: பாடத்தில் இடப்பக்கத்தைத் தூண்டு என்று இருப்பதால் தண்ணீர், மணி, போன் எல்லாவற்றையும் இடப்பக்கம் வைத்துவிடுவார்கள். பயிற்சிப் பொருள் இடப்பக்கம் இருக்கட்டும். அழைப்பு மணி வலப்பக்கம்தான் இருக்க வேண்டும். அதில் பேரம் கிடையாது.

எந்த முறை எவ்வளவு பலன் தரும் என்ற கேள்விக்கு நேர்மையான பதில் அத்தனை உற்சாகம் தருவதல்ல. அப்ராக்ஸியாவுக்கு நெதர்லாந்தில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளே நடத்திய ஆய்வு ஒன்று 2001இல் வந்தது. வேலையைச் சுற்றிவளைத்து முடிக்க உத்தி கற்றுக்கொடுத்தவர்கள் எட்டு வாரத்தில் அன்றாட வேலைகளில் முன்னேறினார்கள். ஐந்தாவது மாதத்தில் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களும் அவர்களை எட்டிவிட்டார்கள். மூனிக்கில் கோல்டன்பெர்க் 1998இல் காட்டியது இன்னும் கறார்: பழக்கிய வேலை வந்தது, பழக்காத வேலைக்கு அது பரவவில்லை. ஆகவே துறையில் பிளாஸ்டிக் டம்ளரை வைத்துப் பழக்குவதைவிட அவர் வீட்டு டபரா டம்ளரைக் கொண்டுவரச் சொல்வதே புத்தி. பக்கம் போனவருக்கு, காட்சியை 10 பாகை வலப்பக்கம் தள்ளும் கண்ணாடி மாட்டிவிட்டு இலக்கைத் தொடப் பழக்கும் முறையை ரோஸெட்டி 1998இல் அறிமுகப்படுத்தினார். கண்ணாடியைக் கழற்றிய பிறகு கவனம் இடப்பக்கம் சாய்ந்தது, குறைந்தது இரண்டு மணி நேரமாவது நின்றது. பிறகு வந்த ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், கை விழுந்ததை மறுத்துக்கொண்டிருந்த ஒருவரின் இடது காதில் குளிர்நீர் விட்டபோது கொஞ்ச நேரம் அவர் உண்மையை ஒப்புக்கொண்டதை 1995இல் எழுதினார். நீரின் விளைவு தணிந்ததும் மறுப்பு திரும்பியது. தெரிந்துகொள்ள அற்புதமான செய்தி. நாளை காலை குளிக்கவைக்க அது உதவாது.

மனநிலையிலும் இருவரும் எதிர்த் துருவம். பேச்சு போனவர் ஒரு பொத்தான் நழுவியதற்கே உடைந்து அழுவார். மனச்சோர்வு வந்து சேரும். குடும்பத்துக்கு அவர்மேல் இரக்கம் ஊறும், நோயாளி என்று நடத்துவார்கள். பக்கம் போனவர் கவலையே இல்லாமல் இருப்பார். குரலில் ஏற்ற இறக்கம் போய்விடும், மற்றவர் முகத்தில் இருக்கும் கோபமோ களைப்போ அவருக்குப் பிடிபடாது. "ஆஸ்பத்திரியில நல்லாத்தான் பேசினாரு, வீட்டுக்கு வந்ததும் வேணும்னே பண்றாரு" என்று மனைவிமார் சொல்லக் கேட்டிருக்கிறேன். நோயாளியை நோயாளி என்று நம்பாத வீடு. அந்தச் சந்தேகத்தை உடைப்பது எந்தப் பயிற்சியையும்விட முக்கியமான ஓ.டி. வேலை. ஸ்கேனைக் காட்டினால் நம்ப மாட்டார்கள். இலையைத் திருப்பிக் காட்டினால் நம்புவார்கள்.

உலகறிந்த இரண்டு பேரை அருகருகே வைத்தால் என் கட்சி இன்னும் விளங்கும். ஸ்வீடன் கவிஞர் தோமஸ் ட்ரான்ஸ்ட்ரோமர், தொழிலால் உளவியலாளர். 1990இல் வந்த பக்கவாதம் பேச்சையும் வலக்கையையும் எடுத்துக்கொண்டது. அவர் இடக்கையால் பியானோ வாசித்தார், 1996இல் கவிதைத் தொகுப்பு வெளியிட்டார், 2011இல் நோபல் பெற்றார். மனைவி மோனிக்கா அவர் குரலாக இருந்தார். மற்றவர் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ். 1974இன் கடைசி நாளில் வலமூளையில் பக்கவாதம். பேச்சு அப்படியே இருந்தது. இடக்கை விழுந்ததைக் கீழே விழுந்து அடிபட்டது என்றார். செய்தியாளர்களை மலையேற அழைத்தார். அவருடைய வாக்கே தீர்ப்பை முடிவுசெய்யும் வழக்குகளைத் தள்ளிவைக்கலாம் என்று சக நீதிபதிகள் தங்களுக்குள் ஏற்பாடு செய்துகொண்டார்கள். 1975 நவம்பரில் விலகினார். விலகிய பிறகும் நீதிபதியாகவே வேலை பார்க்க முயன்றார். மொழி போனவர் மொழியில் நின்றார். தீர்மானம் சொல்வதையே தொழிலாகக் கொண்டவருக்குத் தன் உடம்பைப் பற்றிய தீர்மானம் போயிற்று.

இரண்டு பேரை வைத்து விதி செய்யக் கூடாது என்பது எனக்கும் தெரியும். ட்ரான்ஸ்ட்ரோமருக்கு மோனிக்கா இருந்தார். பேச்சும் புரிதலும் முழுக்கப் போய், வலக்கையும் போய், பார்த்துக்கொள்ள ஆளும் இல்லாத ஒருவரின் நிலையை யாரும் எளிது என்று சொல்லிவிட முடியாது. பக்கம் போனவர்களில் பலருக்கு முதல் சில வாரங்களிலேயே கவனம் கணிசமாகத் திரும்பிவிடுகிறது. ஆய்வுகளிலும் ஒரு ஓட்டை உண்டு: சொன்னதைப் புரிந்துகொள்ள முடியாதவர்களைப் பல ஆய்வுகள் வாசலிலேயே நிறுத்திவிடுவதால், இடமூளைக்காரர்களில் நிலைமை மோசமானவர்கள் கணக்கில் வருவதில்லை. ஆனாலும், இத்தாலியில் டெனெஸும் சகாக்களும் 1982இல் இரு பக்கத்தாரையும் தொடர்ந்து பார்த்து, இடப்பக்கம் விழுந்தவர்கள் அன்றாட வேலைகளில் பின்தங்குவதையும், அதற்குக் காரணம் பலக்குறைவைவிடக் கவனம் தவறுவதே என்பதையும் கண்டது, வார்டில் நான் பார்ப்பதோடு பொருந்துகிறது.

டிஸ்சார்ஜ் அன்று மாணவர்கள் எழுதிவரும் குறிப்புகளை வைத்துத்தான் அவர்களோடு நான் அதிகம் மல்லுக்கட்டுகிறேன். பேச்சு போனவருக்கு ஒரு பக்கம் எழுதியிருப்பார்கள்: ஸ்பீச் தெரபி, வீட்டுப் பயிற்சி, படம் ஒட்டிய அட்டை, அடுத்த வருகைத் தேதி. பக்கம் போனவருக்கு ஒரே வரி: "சிறு உதவியுடன் தானே செய்துகொள்வார்." அதைத் திருப்பிக் கொடுத்து, அடுப்பு, மாடிப்படி, சாலை, பணம், வண்டி என்று தனித்தனியாக எழுதச் சொல்வேன், ஒவ்வொன்றிலும் யார் கூட இருப்பார், எதுவரை என்று பெயர் போட்டு. வண்டிச் சாவியைப் பற்றி வீட்டம்மாவிடம் தனியாகப் பேசச் சொல்வேன், ஏனென்றால் முதல் வாரத்திலேயே அவர் கேட்பார். "எனக்கென்ன, கை நல்லாத்தானே இருக்கு" என்பார். கூடாது என்று அந்தம்மா வாயால் சொன்னால் தினம் சண்டை. அதனால் அடுத்த பரிசோதனை முடியும்வரை வண்டி ஓட்டக் கூடாது என்று நாமே பெரிய எழுத்தில் எழுதி, முத்திரை வைத்துக் கொடுத்துவிட வேண்டும். அவர் அந்தத் தாளோடு சண்டை போடட்டும். தாளை அலமாரியில் வலப்பக்கக் கதவில் ஒட்டச் சொல்லவும் மறக்கக் கூடாது.